மகளுக்கு ஒரே ஊசி அளவு, ஒரே சாப்பாடு. சர்க்கரை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

கரும்புக்காட்டு அம்மா:

வணக்கம். கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். மகளுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தை மாதம் அவளுக்கு முதல் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஒரு மாதமாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கே நாளில் வாந்தியும் மூச்சிரைப்புமாக ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இப்போது சாப்பாட்டுக்கு முன் மூன்று இன்சுலின் ஊசி, இரவு ஒரு ஊசி. பேனா வடிவ ஊசிதான், அவளே போட்டுக்கொள்கிறாள். ஆனால் அதே அளவு மருந்து, அதே அரிசிம்பருப்புச் சாதம். ஒருநாள் 320 காட்டுகிறது, மறுநாள் 60. போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்குத் தலையணை நனையும் அளவு வேர்த்துக் கிடந்தாள். பார்த்தால் 54. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பள்ளியில் வகுப்பறைக்குள் ஊசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மதிய ஊசியைக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு போடுகிறாள். எல்லா ஊசியும் வலது தொடையில்தான். ஏன் சாமி என்று கேட்டால், "அங்கே வலிக்கவே இல்லை அம்மா" என்கிறாள்.

இன்னொன்று. நாங்கள் கரும்பு ஆட்டி நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவர்கள். ஆலைக் கொட்டகையில் பாகு தின்றுதான் பிள்ளைக்கு வந்தது என்று உறவெல்லாம் பேசுகிறது. ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடுக்கலாம் என்கிறார் என் மாமியார். யாரிடம் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

வார்டு செவிலி:

அம்மணி, "அங்கே வலிக்கவே இல்லை" என்ற அந்த ஒரு வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. கோவையில் குழந்தைகள் வார்டில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தச் சொல்லைப் பல பிள்ளைகள் வாயில் கேட்டிருக்கிறேன்.

இன்று அவள் குளிக்கும்போது வலது தொடையில் சோப்பு நுரையைத் தடவி, உங்கள் விரல் நுனிகளால் மெதுவாக வழித்துப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், விரலுக்குத் தெரியும். சுற்றியுள்ள சதை பிசைந்த மாவாக இளகிக் கொடுக்கும். ஊசி போடும் இடம் மட்டும் அழிரப்பர் போலக் கெட்டித்து நிற்கும். ஒரே இடத்தில் இன்சுலினைப் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுவிடும். அங்கே உணர்ச்சி மங்குவதால் வலிப்பதில்லை, வலிக்காததால் பிள்ளை மறுபடியும் அங்கேயே குத்துகிறது. அந்தக் கட்டிக்குள் போன மருந்து எப்போது ரத்தத்தில் கலக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மதியம் தேங்கி நின்றால் 320. வேண்டாத நேரத்தில் ஊறி வந்தால் 54. மகளின் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். அவள் அளவாகத்தான் சாப்பிட்டிருப்பாள்.

கட்டி இருந்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நல்ல இடத்துக்கு மாற்றியதும் மருந்து முழுதாக வேலை செய்யத் தொடங்கும். பழைய அளவே இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் தொடையைக் காட்டுங்கள். அளவை அவர்தான் குறைத்துத் தர வேண்டும். இடம் மாற்றிய முதல் சில நாள் இரவிலும் ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு நான் கோலப்புள்ளியாகச் சொல்லிக் கொடுப்பேன். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடத்தை விட்டுவிட்டு மனதுக்குள் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இன்று ஒரு புள்ளி, அடுத்த ஊசி ஒரு விரல் தள்ளி அடுத்த புள்ளி. ஒரு வாரம் வயிற்றின் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம். பிறகு தொடையின் வெளிப்புறம், இடுப்புக்குக் கீழே பின்புறம். ஒரு நோட்டில் புள்ளிகளை அவளையே வரையச் சொல்லுங்கள். பேனாவின் ஊசி முனையையும் மாற்றிக்கொண்டே இருங்கள். செலவுதான், எனக்குத் தெரியும். ஆனால் மழுங்கிய முனையும் இந்தக் கட்டிக்கு ஒரு காரணம்.

54 வரும் இரவில் சோறு கொடுக்காதீர்கள், அது மெதுவாகத்தான் ஏறும். 70-க்குக் கீழே போனால் இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

கொட்டகையில் தின்ற பாகால் இது வரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. கரும்பையே பார்க்காத பிள்ளைகளுக்கும் வருகிறது. நாட்டுச் சர்க்கரை நல்லதென்று தாராளமாகக் கொடுக்கவும் வேண்டாம். வெள்ளைச் சர்க்கரையைப் போலவே அதுவும் ஏற்றும்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள், அவருக்கும் பேத்தி மேல் உள்ள பயம்தான். 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்தவன் அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம், ஒரு வருடம் என்று சாவைத் தள்ளிப்போடத்தான் முடிந்தது. ஊசியை நிறுத்தினால் தை மாதம் பார்த்த வாந்தியும் மூச்சிரைப்பும் ஓரிரு நாளிலேயே திரும்பும். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் இரவு ஊசியை நிறுத்தக் கூடாது. இதை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

கழிப்பறையை மட்டும் நாளைக்கே நிறுத்துங்கள் அம்மணி. தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் அவள் மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்?

ஆறாம் வகுப்பு ஆசிரியர்:

சகோதரி, நான் அந்தியூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியர். உங்கள் மகள் பள்ளியில் சொன்னது தவறு, அது அறியாமையால் வந்த தவறு. வகுப்பில் பிள்ளை சர்க்கரையைச் சோதிக்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. அதையும் மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். சண்டைக்குப் போவதுபோல் போக வேண்டாம். "மயக்கம் வந்தால் என்ன செய்வது" என்று ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொண்டுபோங்கள். எங்களுக்குப் பயம் அங்கேதான்.

என் வகுப்பிலும் இப்படி ஒரு பையன் இருந்தான். மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் குளுக்கோஸ் பொட்டலங்கள் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்காரும் இருவருக்கு அவன் கை நடுங்கினாலோ, உளறினாலோ, சும்மா எரிந்து விழுந்தாலோ டப்பாவை எடுக்கச் சொல்லியிருந்தேன். விளையாட்டுப் பாடவேளைக்கு முன் கட்டாயம் சோதித்துக்கொள்வான். முதல் வாரம் பிள்ளைகள் ஊசியை எட்டி எட்டிப் பார்த்தார்கள், அடுத்த வாரம் யாரும் திரும்பவில்லை.

தாராபுரத்துத் தம்பி:

அக்கா, எனக்கு எட்டு வயதில் வந்தது, இப்போது இருபது. கோவையில் பொறியியல் படிக்கிறேன். உங்கள் மகள் இன்னும் இரண்டு வருடத்தில் பதிமூன்று வயதாகிவிடுவாள் என்பதால் இதை எழுதுகிறேன். மீட்டரில் 300 வந்தால் அப்பா "என்ன தின்றாய்?" என்று கேட்பார். அதற்குப் பயந்தே எட்டாம் வகுப்பு முழுவதும் நோட்டில் 140, 155 என்று பொய்க் கணக்கு எழுதினேன். கடைசியில் மருத்துவமனையில் படுத்தபோதுதான் தெரிந்தது. எண்ணைக் கேட்கும்போது காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கிற குரலில் கேளுங்கள். கூடக் குறைய வந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும் பேசுங்கள். ஊசி போடும் வேலை மொத்தத்தையும் அவள் தலையில் விட்டுவிடவும் வேண்டாம். வாரத்தில் சில நாள் நீங்கள் போட்டுவிட்டால் அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு.

கரண்ட் போகும் ஊர் என்றால், எங்கள் அம்மிச்சி செய்வதுபோல் ஒரு பெரிய பானையில் ஈரமணல் நிரப்பி, அதற்குள் சின்னப் பானையைப் புதைத்து, மருந்தை ஈரம் படாத டப்பாவில் போட்டு அதில் வையுங்கள். மேலே ஈரத்துணி. ஃபிரிட்ஜில் ஐஸ் உறையும் தட்டில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த மருந்து வீண்.

கரும்புக்காட்டு அம்மா:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்னதுபோல் சோப்பு நுரை போட்டுத் தடவினேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று, அதற்கு மேல் சின்னதாக இன்னொன்று. நான்கு மாதமாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தொடைக்கே ஊசி வேண்டாம் என்று சொல்லி, அளவையும் குறைத்தார். இப்போது 90-லிருந்து 190-க்குள் நிற்கிறது. நேற்று ஒருமுறை 240. எவ்வளவு என்று மட்டும் கேட்டேன், அவளாகவே "பள்ளியில் பிறந்தநாள் மிட்டாய் அம்மா" என்றாள்.

தலைமையாசிரியர் அறையில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் நோட்டில் புள்ளி வைத்துக் கொடுக்கிறார், ஏழு புள்ளி நேர்வரிசை.

ஒரு சந்தேகம். பேனா கெட்டுப்போனால் அதன் மருந்தைக் கடையில் வாங்கும் சாதாரண சிரிஞ்சில் எடுத்துப் போடலாமா?

வார்டு செவிலி:

வேண்டாம் அம்மணி. பேனா மருந்தில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டில் மருந்துக்கானது. அதில் ஆறு கோடு எடுத்தால் பதினைந்து யூனிட் உள்ளே போய்விடும். இன்னொரு பேனாவை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் கரைய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் குத்தவிடாதீர்கள்.