அமெரிக்கர்களின் மருத்துவப் பணம் எங்கே போகிறது?

கணக்குப்பிள்ளை: 2023இல் அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 17.6 விழுக்காட்டை மருத்துவத்தில் கொட்டியது. சராசரி ஆயுள் 78.4. ஜப்பானில் செலவு 11 விழுக்காட்டை ஒட்டியது, ஆயுளோ 84. இந்த அமைப்பை இன்னும் எதற்குத் தாங்கிப் பிடிக்கிறீர்கள்?

வடகரையான்: ஆயுளை வைத்து மருத்துவமனையை எடைபோடலாமா? அங்கே 2021இல் போதைமருந்து அளவு மீறி இறந்தவர்களே ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 48,000 பேருக்கு மேல். இளவயதுச் சாவு சராசரியை வெகுவாகக் கீழே இழுக்கும். இதற்கு அறுவை மருத்துவர் என்ன செய்வார்? மார்பகப் புற்றுநோயில் அங்கே சுமார் 90 விழுக்காட்டினர் நோய் கண்டறிந்தபின் ஐந்தாண்டு கடந்து உயிர்வாழ்கிறார்கள், அதைப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை: பேசுவோம். நோயை இரண்டாண்டு முன்பே கண்டுபிடித்தால் கணக்கும் இரண்டாண்டு முன்பே தொடங்கிவிடும். இறக்கும் நாள் மாறாவிட்டாலும் ஐந்தாண்டு கடந்தவர் பட்டியலில் பெயர் ஏறும். இறப்பு விகிதத்தைக் காட்டுங்கள். பேறுகாலச் சாவையும் காட்டுங்கள்: 2022இல் லட்சம் பிறப்புக்கு 22.3. நார்வேயில் ஐந்துகூட இல்லை. இதற்கும் துப்பாக்கிதான் காரணமா?

வடகரையான்: இறப்புச் சான்றிதழில் கர்ப்பம் பற்றிய கட்டத்தைச் சேர்த்த பிறகு அந்த எண் ஊதிப்போனது என்று அங்குள்ள ஆய்வாளர்களே வாதிடுகிறார்கள். அரசே மருத்துவம் நடத்தும் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2023இல் 70 லட்சத்துக்கும் மேல் இருந்ததே, அது எந்தக் கணக்கில் வரும்?

மருந்தாளுநர்: இருவரும் விலையைத் தொடவே இல்லை. அமெரிக்கர்கள் மருத்துவரிடம் போவது பல பணக்கார நாட்டவரைவிடக் குறைவு. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் அதிகமில்லை. அதே ஊசி, அதே ஸ்கேன், கட்டணம்தான் பல மடங்கு. மருத்துவச் செலவை ஆராய்ந்த ஜெரார்ட் ஆண்டர்சனும் ஊவே ரைன்ஹார்ட்டும் 2003இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஜப்பானில் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் பட்டியல். இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1996 முதல் எல்லோருக்கும் தனியார் காப்பீடு கட்டாயம், ஆனால் அடிப்படைக் காப்பீட்டில் நிறுவனம் லாபம் எடுக்கக் கூடாது. ஆகவே சிக்கல் விலையில் இருக்க, அரசா தனியாரா என்ற சண்டை பக்கவாட்டில்தான் ஓடுகிறது.

வடகரையான்: விலையைக் கட்டினால் புதிய மருந்து வராது. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆராய்ச்சிச் செலவைச் சுமப்பது அமெரிக்க நோயாளிதான்.

கணக்குப்பிள்ளை: இன்சுலினைக் கனடாவில் கண்டுபிடித்தது 1921இல். மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டில் உள்ள முதியோருக்கு மாதம் 35 டாலர் என்று 2022இல் சட்டம் போட்டு வரம்பு கட்ட நேர்ந்ததே, நூறாண்டு கழித்தும் என்ன ஆராய்ச்சிச் செலவு பாக்கி?

வடகரையான்: இன்று விற்பது 1921இன் இன்சுலின் அல்ல. 1996இலும் அதன் பிறகும் வந்த வகைகளுக்கு யார் முதல் போட்டார்கள்?

மருந்தாளுநர்: போட்ட முதல் எத்தனை முறை திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதே குப்பி ஐரோப்பாவில் அந்த விலைக்கு விற்கவில்லை. ஆனாலும் அங்கே யாரும் கடையை மூடிவிடவில்லை.