கிராபிக்ஸ் கார்டு மாற்றிய பிறகு வேகம் குறைந்துவிட்டது: தங்கச்சிமடத்திலிருந்து உதவி கேட்கிறேன்

தென்கடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். என் கணினியில் ஐந்து வருடமாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற பலகை) இருந்தது. போன வாரம் மதுரையில் ஒரு கடையில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு வாங்கி வந்து மாட்டினேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அப்பா முதல் தடவை தொழிலுக்குப் போய் வந்த காசில் ஒரு பங்கை எடுத்து, "ரொம்ப நாளாக் கேட்டியே, வாங்கிக்க" என்று கொடுத்தார். அதனால்தான் மனசு கேட்கவில்லை.

மற்ற விவரம்: ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு (அட்டையில் 3200 என்று போட்டிருக்கிறது), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி), 1080பி மானிட்டர்.

ஜிடிஏ 5 கேம் பழைய கார்டில் நார்மல் செட்டிங்கில் 70 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 70 படம்) ஓடும். இப்போது அதே செட்டிங்கில் 45 முதல் 55 வரைதான். எண்ணிக்கையைவிட மோசம், விக்கல். கார் நிற்கும்போது 90கூடக் காட்டுகிறது. நகரத்துக்குள் வேகமாக ஓட்டினால் ஒரு விநாடி நிற்கிறது, ஒரு விநாடி ஓடுகிறது. ஓரத்துக் கட்டடங்கள் முதலில் மொழுக்கென்று தெரிந்து, அப்புறம்தான் சன்னலும் போர்டும் முளைக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் கார்டு 35 சதவீதம், பிராசசர் 40 சதவீதம். சூடும் இல்லை. கார்டு 52 டிகிரி, பிராசசர் 70.

கடைக்காரரிடம் போனில் கேட்டால், "இங்கே ஓட்டிக் காட்டித்தானே கொடுத்தேன்" என்கிறார். சனிக்கிழமை கார்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுவதாக இருக்கிறேன். அதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

வைகைக்கரை எழுதியது:

எஸ்எம்பிஎஸ் பத்தவில்லை என்று நினைக்கிறேன். 1050 டிஐ 75 வாட் கார்டு, மதர்போர்டில் அதைச் செருகுகிற ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 3060 என்றால் 170 வாட். 8 பின் கேபிளை நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொடுத்தீர்களா, மோலெக்ஸ் கன்வெர்ட்டர் (வேறு வகை பிளக்கை மாற்றுகிற வயர்) போட்டுக் கொடுத்தீர்களா? மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் தவறுகிறார்கள்.

தென்கடல் எழுதியது:

8 பின் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்துதான் வருகிறது அண்ணே. மானிட்டர் கார்டில்தான் இருக்கிறது. ஒருமுறைகூட அணையவில்லை, ரீஸ்டார்ட்டும் ஆகவில்லை.

கீழக்கரை சர்வீஸ் எழுதியது:

அணையவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிடுங்கள் தம்பி. எஸ்எம்பிஎஸ் பத்தாவிட்டால் பெரும்பாலும் ஆட்டம் நடுவில் பொட்டென்று அணையும். இப்படிச் சோர்ந்துபோய் ஓடாது. மானிட்டர் கேபிளும் இல்லை. ரைசன் 5 3600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் குத்தியிருந்தால் படமே வந்திருக்காது.

இரண்டு வேலை செய்யுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் போய் டிடியு என்ற மென்பொருளைப் போட்டுப் பழைய டிரைவரை (கார்டை இயக்குகிற மென்பொருள்) துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போய் ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். அட்டையில் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கிற செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேகச் செட்டிங்கை ஆன் செய்யாவிட்டால் 2133, 2400 என்றுதான் ஓடும். ரைசனில் பிராசசரின் உள்வழி வேகம் ரேமோடு சேர்ந்தே போகும். ரேம் தூங்கினால் அதுவும் தூங்கும்.

தென்கடல் எழுதியது:

கீழக்கரை காக்கா, ரேம் 2133-ல்தான் ஓடியிருக்கிறது! ஐந்து வருடமாக இப்படியே ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எக்ஸ்எம்பி ஆன் செய்து இப்போது 3200. டிரைவரும் புதிது. ஐந்தாறு எஃப்பிஎஸ் கூடியது. ஆனால் விக்கல் அப்படியேதான் இருக்கிறது. கார்டு 38 சதவீதத்தைத் தாண்டவில்லை.

எக்கோசவுண்டர் எழுதியது:

தம்பி, தாமதமாகப் பார்க்கிறேன். மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டுகிற கருவி), ஜிபிஎஸ், வயர்லெஸ் பழுது பார்க்கிறேன். தடைக்காலம் முடிந்த வாரம், மூச்சு விட நேரம் இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். கார்டும் சும்மா இருக்கிறது, பிராசசரும் சும்மா இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு இரண்டிலும் இல்லை, நடுவில் இருக்கிற வழியில் இருக்கலாம். ஆடி அமாவாசைக்குப் பாம்பன் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். மண்டபத்தில் வண்டி நிற்கிறது, ராமேசுவரத்தில் இடம் இருக்கிறது, பாலத்தில் ஒரு வண்டி மடக்கி நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் சும்மாதான் இருக்க வேண்டும். கார் நிற்கும்போது 90 வருகிறது, ஓடும்போது விக்குகிறது என்கிறீர்களே, அதுவும் இதோடு ஒத்துப்போகிறது. ஓடும்போதுதான் புதுக் கட்டடம், புதுச் சாலை எல்லாம் ரேமிலிருந்து கார்டுக்குக் கடந்து போக வேண்டும்.

ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். திறந்தால் பஸ் இன்டர்ஃபேஸ் என்று ஒரு வரி வரும். பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும். அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை (கார்டுக்கு வேலை கொடுக்கிற சோதனை) ஓடவிட்டு, ஓடும்போதே அந்த வரியைப் படியுங்கள். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த 1.1 என்று இறங்கி நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் போர்டுக்கு "@ எக்ஸ்16 3.0" என்று வர வேண்டும். எக்ஸ்16 என்றால் 16 வழி, 3.0 என்பது அந்த வழியின் தலைமுறை.

தென்கடல் எழுதியது:

அண்ணே, ரெண்டர் டெஸ்ட் ஓடும்போது "பிசிஐஇ எக்ஸ்16 4.0 @ எக்ஸ்1 3.0" என்று காட்டுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். எக்ஸ்1-தான்.

எக்கோசவுண்டர் எழுதியது:

கிடைத்துவிட்டது. 16 வழியில் போக வேண்டியது ஒரே வழியில் போகிறது. எக்ஸ்16 3.0 என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி கடக்கும். எக்ஸ்1 என்றால் 1 ஜிபிதான். வழியில் ஏதாவது ஒன்று தொடவில்லை என்றால் கார்டும் போர்டும் பேசிக்கொண்டு 8, 4, 1 என்று இறங்கிவிடும். பிழை என்று ஒரு எழுத்துகூடக் காட்டாது.

இனி கேள்வி, கோளாறு கார்டிலா ஸ்லாட்டிலா? பழைய கார்டில் சில நேரம் ஸ்லாட்டுக்குள் இறங்குகிற தங்கப் பட்டைக்கு மேலே உள்ள கடுகளவு கெப்பாசிட்டர் உடைந்து போயிருக்கும். அப்படியென்றால் மதுரைக்காரரிடம் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. அதனால் முதலில் பழைய 1050 டிஐ-யைத் திரும்ப மாட்டி, அதே டெஸ்ட்டைப் போடுங்கள். கணினி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தென்கடல் எழுதியது:

பழைய கார்டில் "எக்ஸ்16 3.0 @ எக்ஸ்4 3.0" அண்ணே. அதுவும் 16 இல்லை.

கணினி தெற்குச் சன்னல் ஓரம் இருக்கிறது. நான் காரைக்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். நாலு மாதம் அதை யாரும் தொடவில்லை, ரெக்ஸின் உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். சன்னல் கொக்கி துருப்பிடித்துச் சரியாகச் சாத்துவதில்லை.

எக்கோசவுண்டர் எழுதியது:

அப்படியானால் கார்டின் மேல் பழி இல்லை, ஸ்லாட்டில்தான் கோளாறு. கடைக்காரர் சொன்னது உண்மை. பஸ் ஏற வேண்டாம்.

உங்கள் ஸ்லாட்டை உப்பு கடித்திருக்கிறது. பழைய கார்டு சின்னது, பெரிய சுமை ஏற்றாது. அதனால் நாலு வழியில் ஓடினாலும் உங்களுக்குத் தெரியவில்லை. அதைப் பிடுங்கிப் புதியதைச் செருகியபோது களிம்பு நகர்ந்து, ஒட்டிக்கொண்டிருந்த மூன்றும் போய்விட்டன. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தென்மேற்கிலிருந்து இப்போது அடிக்கிற கச்சான் காற்றில் அந்தத் தூள் சன்னல் வழியாக வந்து ஸ்லாட்டுக்குள் இருக்கிற ஊசிகளின் மேல் படிகிறது. ஈரமானதும் தங்க முலாமில் இருக்கிற நுண்ணிய ஓட்டை வழியாக உள்ளே இறங்கிச் செம்பைத் தின்கிறது. படகு வயர்லெஸ்ஸின் பிளக்கில் மாதத்துக்கு இரண்டு தடவையாவது இதையே பார்க்கிறேன்.

செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சானிடைசர் கூடாது, அதில் தண்ணீர் இருக்கிறது. சென்ட், பெட்ரோல், துரு எடுக்கிற ஸ்பிரே எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கட்டும். மென்மையான புது டூத் பிரஷ்ஷை ஐபிஏயில் தொட்டு, ஸ்லாட்டின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் ஊசி வளையும், வளைந்தால் போர்டே போச்சு. கார்டின் தங்கப் பட்டையைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும். ரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு, எனக்கு அதில் சம்மதம் இல்லை. முலாம் ரொம்ப மெல்லியது. துடைத்ததும் அரை மணி நேரம் காயவிடுங்கள்.

தொண்டி 4060 எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். இதைப் படித்துவிட்டு என் ஆர்டிஎக்ஸ் 4060-ஐப் பார்த்தேன், எக்ஸ்8 காட்டுகிறது. எனக்கும் உப்புதானா?

கீழக்கரை சர்வீஸ் எழுதியது:

இல்லை, நிம்மதியாக இருங்கள். 4060-ஐச் செய்யும்போதே எக்ஸ்8-ஆகத்தான் செய்திருக்கிறார்கள். ஆர்எக்ஸ் 6600-ம் அப்படித்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எக்ஸ்4 மட்டும்தான். @ குறிக்கு முன்னால் இருக்கிற எக்ஸ் எண்ணும் பின்னால் இருக்கிற எக்ஸ் எண்ணும் ஒன்றாக இருந்தால் வழியில் கோளாறு இல்லை.

தென்கடல் எழுதியது:

அண்ணே, செய்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்லாட்டில் சின்ன பாகம், பெரிய பாகம் என்று நடுவில் ஒரு வெட்டு இருக்கிறதே, அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி ஐந்தாறு ஊசிகளில் மட்டும் வெளிறிய பச்சை. கருவாட்டின் மேல் உப்புப் பூத்திருக்குமே, அதைப்போல. முதல் தடவை தேய்த்ததும் பிரஷ் நுனி பச்சையாக வந்தது. மாட்டிப் பார்த்தால் எக்ஸ்8. திரும்பக் கழற்றி, கார்டையும் துடைத்து, வேறு பிரஷ்ஷால் இன்னொரு தடவை செய்தேன்.

எக்ஸ்16 3.0 வந்துவிட்டது!

ஜிடிஏ 5 வெரி ஹையில் 95 முதல் 110 வரை போகிறது. கார்டு 80 சதவீதம் வேலை செய்கிறது. நகரத்துக்குள் எவ்வளவு வேகமாகப் போனாலும் கட்டடங்கள் முழுசாகவே வருகின்றன. அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இப்ப சரியாயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். மதுரைக் கடைக்காரருக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, சந்தேகப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தேன்.

உங்கள் மூவருக்கும் நன்றி. திரும்பவும் உப்பு கடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

எக்கோசவுண்டர் எழுதியது:

நல்லது தம்பி. கணினியைத் தெற்குச் சுவரிலிருந்து உள்பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், அதுதான் முதல் வேலை. ரெக்ஸின் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துவிடும். பழைய பருத்தி வேட்டி போதும், அதையும் கணினி ஆறிய பிறகுதான் போட வேண்டும். நீங்கள் ஹாஸ்டலில் இருக்கும் நாளில் வீட்டில் யாரையாவது வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கிற பலகையில் ஈரம் நிற்காது. படகுக்காரர்களிடமும் இதையே சொல்கிறேன்.

களிம்பு ஒருமுறை பிடித்த இடத்தில் முலாம் கொஞ்சம் போயிருக்கும், அதனால் திரும்பவும் அங்கேயேதான் பிடிக்கும். ஐபிஏ பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். ஐப்பசியில் வாடை திரும்பியதும் ஒரு தடவை ரெண்டர் டெஸ்ட் போட்டு, எக்ஸ்16 நிற்கிறதா என்று இங்கே வந்து சொல்லுங்கள்.