வாய் ஓரமா காது ஓரமா: ஆங்கரே வேண்டாம்னு எழுதுன மகராசனுக்கு

கொக்கிரகுளத்தான்:
நேத்து ஒருத்தரு இங்கன பெருசா எழுதியிருக்காரு. மரபு வில்லுக்கு ஆங்கர்னு, அதாவது நாண இழுத்ததும் கை வந்து நிக்குத ஒரே எடம்னு ஒன்னு தேவையே இல்லையாம், கை எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் இழுத்து மனசு சொல்லும்போது விட்டுரணுமாம், அதான் சொந்த ஸ்டைலாம். அதுக்கு லைக்கு வேற கொட்டிக் கெடக்கு. வயிறு எரியுதுவே. புதுசா வாரவன் இதப் படிச்சுட்டு இன்னைக்கு கன்னத்துல, நாளைக்கு தாடையில, மறுநாள் அந்தரத்துலன்னு கைய நிப்பாட்டுவான், அப்புறம் அம்பு பூரா வேலிக்கு அந்தப் பக்கம் போயி ஒடமுள்ளுக்குள்ள தேடிகிட்டு கெடப்பான். நம்ம வில்லுல சைட், அதான் குறி பாக்குத கருவி, கெடையாது. நாண இழுக்குத கை நிக்குத எடந்தான் சைட். அது அரை இஞ்ச் முன்னால நின்னாலே இழுப்பு விசை ஒரு பவுண்டுக்கு மேல குறையும், அம்பு கீழ எறங்கிரும். மூணு விரல்ல இழுக்கியா, விரல் வாய் ஓரத்துல வந்து படணும். படலையா, அது வேடிக்கை.

பொதிகைக்காத்து:
அண்ணாச்சி, அந்த ஒருத்தரு நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். ஜப்பான்ல க்யூடோங்குத மரபு வில்வித்தை போடுதவன் கை காதுக்குப் பின்னால போவுது. கொரியாக்காரன் மரபு வில்லுல 145 மீட்டர்ல அடிக்கான். அவங்கள்லாம் வாய் ஓரத்தையா தேடிகிட்டு நிக்காங்க? உம்ம கணக்குப்படி அவங்க எல்லாரும் வேடிக்கையா காட்டுதாங்க?

கொக்கிரகுளத்தான்:
கொரியாக்காரன் கட்டவிரல்ல இழுக்கான், அம்ப வில்லுக்கு வலப்பக்கம் வைக்கான். நீரு மூணு விரல்ல இழுத்து இடப்பக்கம் வைக்கீரு. அவன் சட்டைய எடுத்து நீரு மாட்டிகிட்டா பட்டன் சேருமாவே? வாய் ஓரம்.

தச்சநல்லூர் தம்பி:
அண்ணே ஒரு டவுட்டு. நான் எடுத்த எடுப்புல 45 பவுண்டு வில்லு வாங்கிட்டேன். வாய் ஓரத்துக்கு வாரதுக்குள்ள கை நடுங்கி பாதியிலயே விட்டுருதேன். இதையே என் ஸ்டைலா வச்சுக்கிடலாமா?

சீவலப்பேரி அக்கா:
ஏலே, 45 ஒனக்கு யாருலே வாங்கிக் குடுத்தது? ஆரம்பத்துக்கு 20, 25 பவுண்டு தாராளம். நீ கையாலயே இழுக்க, அதான் நடுங்குது. தோள்பட்டைக்குப் பின்னால இருக்க பட்டை எலும்பு நடு முதுகப் பாத்து நகரணும், முதுகுதான் வேலை பாக்கணும். கனத்த வில்ல வச்சுகிட்டு பாதியில விட்டு விட்டுப் பழகிட்டேன்னு வையி, அந்தப் பழக்கத்த எடுக்கது பெரிய பாடு. ஒரு புள்ள கைய ஒடச்சிகிட்டு நிக்கான், பெரியவங்க ரெண்டு பேரும் வாயா காதான்னு மல்லுக்கு நிக்கீங்க.

பொதிகைக்காத்து:
அக்கா சொல்லுதது சரி, ஆனா அந்தத் தம்பிகிட்ட மொத நாளே வாய் ஓரம் வாய் ஓரம்னு யாரு பயங்காட்டுனது? நம்ம நாட்டு வில்வித்தை வீரரு லிம்பா ராம் ராஜஸ்தான்ல ஒரு பழங்குடி ஊர்ல மூங்கில் வில்ல வச்சுகிட்டு வளந்தவரு. சின்ன வயசுல அவருக்கு எந்தக் கோச்சு வாய் ஓரத்தக் காட்டுனாரு? 1992 பீஜிங் ஆசிய வில்வித்தைப் போட்டியில உலக சாதனைய சமன் செஞ்சாருல்லா. அமெரிக்க வில்லாளி ஹோவர்ட் ஹில்ல எடுத்துக்கோரும். சைட்டே இல்லாம அடிச்ச மனுசன்.

கொக்கிரகுளத்தான்:
வந்துட்டாருய்யா பாதிக் கதையோட. லிம்பா ராமை 1987ல சர்க்காரு ஆளுங்க வந்து தேர்ந்தெடுத்து டெல்லிக்கு கூட்டிட்டுப் போயி ட்ரெயினிங் குடுத்தாங்க, அத ஏன் முழுங்குதீரு? அந்த சாதனை மூங்கில் வில்லுல வந்ததா? ஒலிம்பிக் வில்லுவே அது, சைட் வச்சது. அதே வருசம் பார்சிலோனா ஒலிம்பிக்ல பதக்கம் இல்லாமத்தான் திரும்புனாரு. ஒரு பாயிண்டு எவ்வளவு பெருசுன்னு அவருகிட்ட கேளும், மனசு சொல்லும்போது விடலாமான்னு அப்புறம் பேசலாம். ஹோவர்ட் ஹில்லா? அந்த ஆளு குறியப் பாத்துகிட்டே ஓரக்கண்ணால அம்பு நுனியையும் கணக்கு வச்சவரு. அதுக்கு ஸ்ப்ளிட் விஷன்னு அவரே பேரு வச்சிருக்காரு. அவரு விரல் எங்கன நின்னுச்சு? வாய் ஓரத்துல! நீரு கொண்டுவார சாட்சி பூரா எனக்குத்தாம்வே சாட்சி சொல்லுது.

பொதிகைக்காத்து:
வெளிநாட்டான விடும். நம்ம கிருஷ்ணாபுரம் கோயில்ல போயி கர்ணன் சிலையப் பாரும். என்ன ஒரு கம்பீரம். அவன் கை வாய் ஓரத்துலயா இருக்கு?

கொக்கிரகுளத்தான்:
அவன் எங்கவே இழுக்கான்? நாகாஸ்திரத்த கையில பிடிச்சுகிட்டு சும்மால்லா நிக்கான்! இழுக்காத ஆளுக்கு ஏதுவே ஆங்கரு. திருச்செந்தூர் ரோட்டுல போற வழிதான, பஸ்ஸு பிடிச்சுப் போயி கண்ணத் தொறந்து பாத்துட்டு வந்து எழுதும்.

வில்லிசை ரசிகன்:
வில்லுன்னு பாத்துட்டு கோயில் கொடை வில்லுப்பாட்டு பத்திப் பேசுதீங்கன்னு உள்ள வந்தேன். எங்க வில்லு உங்க வில்ல விட நீளம், மணி கட்டியிருக்கும், வீசுகோல் பட்டுச்சுன்னா ஊரே முழிச்சுக்கிடும். இதுக்கு ஆங்கர் கீங்கர் ஒன்னும் வேண்டாம் 😀

கொக்கிரகுளத்தான்:
அண்ணாச்சி, உம்ம வில்லுல அம்பு போவாது. அதனால ஆங்கரும் வேண்டாம். சுடலைமாடன் கதைய அங்க படியும்.

வில்லிசை ரசிகன்:
சாமி பேர இழுத்து நக்கல் வேண்டாம் கேட்டீரா. வெறும் மூங்கக்குச்சிய விட்டு எறியுத ஆளுக்கு இவ்வளவு திமிரா.

கொக்கிரகுளத்தான்:
யாருவே நக்கல் பண்ணா? மூங்கக்குச்சியாம்ல. நான் அடிக்கது கார்பன் அம்பு.

பொதிகைக்காத்து:
பாத்தீங்களா, எல்லாரையும் கடிச்சு வைக்காரு. ஏகலைவன் கதைய யோசிங்க, குரு பொம்மைய வச்சு தானாப் படிச்சவன். சொந்த ஸ்டைலுக்கு அத விட என்ன வேணும்? அவன்கிட்ட துரோணர் கேட்டது கட்டவிரல. அப்போ நம்மாளு இழுத்தது கட்டவிரல்ல. கட்டவிரல்ல இழுத்தா கை காதுக்குத்தான் போவும். முடிஞ்சுது வழக்கு.

சீவலப்பேரி அக்கா:
தம்பி, மூணு விரல்ல இழுக்கவனுக்கும் கட்டவிரல் போச்சுன்னா வில்ல ஒழுங்காப் பிடிக்க முடியாது. இத வச்சு எந்த வழக்கும் முடியாது.

கொக்கிரகுளத்தான்:
அப்படிக் கேளுங்கக்கா. சரி அவரு சொல்லுததையே எடுத்துக்கிடுவோம். ஏகலைவன் தானாப் படிச்சான், ஆனா தெனமும் படிச்சான். நீரு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து போட்டோவுக்கு நின்னுட்டுப் போறீரு. போன ஆடியில கயத்தாறு பக்கம் அடிக்கப் போனோமே, காத்தாடி எல்லாம் பேயாச் சுத்துன நாளு, உம்ம அம்பு ஒன்னு கெழக்க ஒன்னு மேக்க. கேட்டா காத்தாம். காத்து ஒரு பக்கமாத்தானவே அடிக்கும்? அம்பு ஏன் ரெண்டு பக்கமும் போவுது? கை நிக்குத எடம் மாறிகிட்டே இருக்கு, அதான். சொந்த ஸ்டைலு வேணும்னு நானும்தான் சொல்லுதேன். நிக்குத நிலை மாறட்டும், தலைய எவ்வளவு சாய்க்கன்னு மாறட்டும், வில்ல நேரா பிடிக்கானா லேசாச் சரிச்சுப் பிடிக்கானா, மெதுவா இழுக்கானா வெடுக்குனு இழுக்கானா, அதெல்லாம் ஒவ்வொருத்தன் ஒடம்பு வாகு. வாய் ஓரம் மட்டும் மாறக்கூடாது.

பொதிகைக்காத்து:
கயத்தாறப் பேசுனா நானும் பேசுவேன். அன்னைக்கு நான் அடிச்சது உம்ம அம்பு. அம்போட ஸ்பைன், அதான் வெறைப்பு, எனக்குச் சேரல. நான் நீளமா இழுக்க ஆளு, எனக்கு வெறைப்பான அம்பு வேணும். உம்ம அம்பு எனக்கு கொழகொழன்னு வளையுது, அப்போ நேரா எப்படிப் போவும்?

கொக்கிரகுளத்தான்:
என் அம்பு 28 இஞ்சுக்கு வெட்டுனது. அத வாங்கிட்டுப் போயி காதுவரைக்கும் இழுத்தீரு, நுனி வில்லத் தாண்டி உள்ள வந்துருச்சு. அப்படியே விட்டிருந்தா இடது கையில ஏறியிருக்கும். அக்காதான் கூப்பாடு போட்டு நிப்பாட்டுனாங்க. அத எழுதுனீரா உம்ம பெரிய பதிவுல?

தச்சநல்லூர் தம்பி:
அண்ணே அப்போ என் 45 பவுண்டு வில்ல யாராச்சும் எடுத்துக்கிட்டு ஒரு 25 தருவீங்களா? கூட ஏதாச்சும் போட்டுத் தாரேன்.

பொதிகைக்காத்து:
நான் எடுத்துக்கிடுதேன் தம்பி, இன்பாக்ஸ் வா. 45ஐ காதுவரைக்கும் இழுத்துக் காட்டுதேன், வீடியோ போடுதேன்.

கொக்கிரகுளத்தான்:
தம்பி குடுத்துராத. முழு இழுப்ப எதிர்லருந்து எடுத்தா கை எங்கன நிக்குன்னே தெரியாது, அதுக்குத்தான் வீடியோங்காரு. பக்கவாட்டுல எடுக்கச் சொல்லு.

பொதிகைக்காத்து:
பக்கவாட்டுலயே எடுக்கேன்வே, நீரே வந்து கேமராவப் பிடியும்.

கொக்கிரகுளத்தான்:
வாரேன். அதுக்கு முந்தி எங்கிட்ட வாங்கிட்டுப் போன அம்ப எடுத்துட்டு வாரும். வாங்குன எண்ணிக்கை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

பொதிகைக்காத்து:
அதுல ரெண்டு ஏற்கனவே கீறல் விட்டதுன்னு அன்னைக்கே சொன்னேன். அக்காவும் பாத்தாங்க.

சீவலப்பேரி அக்கா:
என்னைய இழுக்காத. நான் பாக்கல.