கம்பேரபிள், கம்பேரட்டர்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாவா நிரல்மொழியில் பொருள்களை வரிசைப்படுத்த உதவும் இரண்டு இடைமுகங்கள் (இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு வகுப்பு செய்து தர வேண்டிய செயல்களின் பட்டியல்) கம்பேரபிளும் கம்பேரட்டரும். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், கம்பேரபிளுக்கு 'ஒப்பிடத்தக்கது', கம்பேரட்டருக்கு 'ஒப்பீட்டாளர்' என்று வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஒப்பு என்றாலே நம் காதுக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் முதலில் படும், 'ஒப்பாரும் மிக்காரும் இல்லை' என்கிறோமே, அந்த ஒப்பு. இங்கே கேள்வி, இரண்டில் எது முன்னால் நிற்கும் என்பது. ஒப்பிட்டதற்கு விடையாகக் குறை எண் வந்தால் இந்தப் பொருள் முன்னால், மிகை எண் வந்தால் பின்னால், சுழியம் வந்தால் இரண்டும் சமம். அப்புறம் 'ஆளர்' விகுதி மனிதருக்கு உரியது.

போன வாரம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். சென்ட்ரலிலிருந்து கிண்டி போகப் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றும் உண்டு. நிரலில் மூன்றும் வெவ்வேறு வகுப்புகள் (கிளாஸ்), 'வண்டி' என்ற இடைமுகம் மட்டும் பொது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுப் புறப்படும் நேரப்படி அடுக்க வேண்டும். ஒரு மாணவர் மூன்று வகுப்பிலும் தனித்தனியாகக் கம்பேரபிளை எழுதியிருந்தார், கம்பைலே ஆகவில்லை. பேருந்துக்கு இன்னொரு பேருந்தைத்தான் தெரியும், மெட்ரோவைத் தெரியாது. வண்டி இடைமுகமே கம்பேரபிளை நீட்டித்தால்தான் எந்த வண்டியும் எந்த வண்டியோடும் தன் இடத்தை அறியும். அதனால் என் பரிந்துரை 'வரிசையறி'.

சரி, ஆனால் எந்த வரிசை? அலுவலகத்துக்கு ஓடுகிறவர் நேரம் பார்ப்பார், மாதக் கடைசியில் கட்டணம் பார்ப்பார். இதையெல்லாம் வண்டிக்குள்ளேயே எழுதி வைக்க முடியாது, வெளியே நின்று ஒன்று சொல்ல வேண்டும். கம்பேரட்டர் செய்வது அதைத்தான், ஆகவே 'வரிசைசொல்லி'. கதைசொல்லி, குறிசொல்லி இருக்கும்போது இது யாருக்கும் புரியாமல் போகாது. நடுவில் 'ச்' வேண்டாம், கதைசொல்லியில் வருவதில்லையே.

'வரிசைப்படுத்தி' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அடுக்கும் வேலை பட்டியலின் 'சார்ட்' என்ற செயற்கூறுடையது. கம்பேரட்டர் ஒரு நேரத்தில் இரண்டே பொருளைப் பார்த்து எது முன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும்.

இந்த வேறுபாடு தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். அயனாவரம், அனகாபுத்தூர், அம்பத்தூர் மூன்றையும் ஜாவாவில் அப்படியே அடுக்கிப் பாருங்கள். அனகாபுத்தூர் முதலில் வந்து நிற்கும், ஏனென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 'ன' 'ந'வுக்கு அடுத்தே இருக்கிறது. நம் அகரவரிசையில் 'ன'தான் கடைசி மெய், அதனால் அம்பத்தூர், அயனாவரம், அனகாபுத்தூர் என்றுதான் வர வேண்டும். எழுத்துத் தொடர்களுக்கான ஸ்டிரிங் வகுப்பு ஏற்கெனவே ஒரு வரிசையறி, ஆனால் அது அறிந்த வரிசை நம்முடையது இல்லை. அந்த வகுப்பைத் திருத்தவும் முடியாது, அதிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கவும் முடியாது. நம் அகரவரிசையைத் தெரிந்த ஒரு வரிசைசொல்லியை வெளியிலிருந்து கொடுப்பதுதான் வழி. இரண்டுக்கும் 'ஒப்பு' என்றே பெயர் வைத்தால் இதை ஒரு மாணவருக்கு எப்படி விளக்குவது?

கம்பேரபிளில் உள்ள கம்பேர்டூ என்ற செயற்கூறுக்கு மட்டும் 'ஒப்பிடு' இருக்கட்டும், அது வினை, பழகியும் விட்டது. ஒரு வகுப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கும் வரிசையான நேச்சுரல் ஆர்டரிங்குக்கு 'இயல்வரிசை' என்று எழுதி வருகிறேன், வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.