வத்திக்கான் பெட்டியில் இருப்பது பேதுருவின் எலும்புதானா?

மறைக்கல்வி:
பேதுருவின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன என்று 1968 ஜூன் 26 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அறிவித்தாயிற்று. 2013 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் திருப்பண்டங்களை மக்கள் பார்வைக்கு வைத்தார். 2019இல் ஒன்பது துண்டுகளைக் கிழக்கு மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவுக்குக் கொடுத்தார். இதற்கு மேலும் என்ன ஆதாரம் வேண்டும்?

மண்ணடுக்கு:
கல்லறை வேறு, எலும்பு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

இடத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கி.பி. 200 வாக்கில் காயுஸ் என்பவர், வத்திக்கானுக்கு வந்தால் திருத்தூதரின் நினைவுச்சின்னத்தைக் காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறார். 1940களில் தோண்டியபோது, பேதுரு பேராலயத்தின் பலிபீடத்துக்கு நேர் கீழே, சிவப்புச் சாந்து பூசிய சுவரை ஒட்டி ஒரு சிறிய நினைவு மாடம் கிடைத்தது. அதற்குக் காலம் சொன்னது சுவருக்குப் பின்னால் ஓடும் சாக்கடை. அதன் ஓடுகளில் அவுரேலியுஸ் 'சீசர்' (அதாவது பட்டத்து வாரிசு), அவர் மனைவி ஃபவுஸ்தீனா 'அவுகுஸ்தா' (அரசகுலப் பெண்களுக்கான உயர் பட்டம்) என்று முத்திரை. அவள் அவுகுஸ்தா ஆனது 147இல், அவர் பேரரசர் ஆனது 161இல். ஆக ஓடுகள் அந்தப் பதினான்கு வருடங்களுக்குள் சுட்டவை. பேதுரு இறந்து நூறு வருடத்துக்குள் அங்கே மாடம் எழும்பிவிட்டது.

பெரேயா:
பேதுரு ரோமுக்குப் போனதாக வேதத்தில் நேரடியாக ஒரு வசனமும் இல்லை. எருசலேமில் ஒலிவமலையில், 1950களில், 'யோனாவின் குமாரன் சீமோன்' என்று, பேதுருவின் இயற்பெயரையே எழுதிய எலும்புப் பேழையே கிடைத்ததே. அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

மண்ணடுக்கு:
பேசியாயிற்று, பலமுறை. அது கரியால் கிறுக்கிய எழுத்து. 'சீமோன் பார்' ('பார்' என்றால் மகன்) வரை சரி, அடுத்த சொல் 'யோனா'தானா என்பதில் படித்தவர்களுக்கே ஒற்றுமை இல்லை. சீமோன் அன்றைய யூதர்களிடையே மிகமிகச் சாதாரணப் பெயர். நம் ஊர் முருகன் மாதிரி.

மறைக்கல்வி:
சரி, எலும்புக்கு வருவோம். மாடத்துக்குப் பக்கத்தில், பக்தர்கள் கிறுக்கி வைத்த 'கிறுக்கல் சுவரு'க்குள் பளிங்கு பதித்த குழியிலிருந்து வந்தவை அவை. உடற்கூற்றியலாளர் கொரெந்தி ஆராய்ந்தார். ஒரே ஆள், ஆண், கட்டுமஸ்தான உடல், வயது 60க்கும் 70க்கும் இடையில். ஒட்டியிருந்த மண் கீழே உள்ள கல்லறை மண்ணோடு பொருந்துகிறது. கூடவே பொன் இழை ஓடிய கருஞ்சிவப்புத் துணி. பாதங்கள் மட்டும் இல்லை. தலைகீழாக அறையப்பட்டவரைக் கணுக்காலோடு வெட்டி இறக்கினார்கள் என்றால் கணக்குச் சரியாகிறது.

மண்ணடுக்கு:
அதே கொரெந்தி, மாடத்தின் அடியில் கிடைத்த முதல் எலும்புக் குவியலையும் பார்த்தாரே, அதை விட்டுவிட்டீர்கள். குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் வயதான பெண். போதாக்குறைக்கு மாடு, ஆடு, பன்றி, சேவல் எலும்புகள். அதனால்தான் 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், கல்லறை கிடைத்தது என்றார், எலும்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல மறுத்தார். 1968 அறிவிப்பு இரண்டாவது குவியலை, அதாவது நீங்கள் சொல்லும் கிறுக்கல் சுவர் எலும்புகளைப் பற்றியது.

அந்தக் குவியல் 1951 அகழாய்வு அறிக்கையிலேயே கிடையாது. மேற்பார்வையாளர் காஸ், அகழ்ந்தவர்களிடம் சொல்லாமல் ஒரு வேலையாளை வைத்துக் குழியிலிருந்து எடுத்து, மரப்பெட்டியில் போட்டு, ஒதுக்குப்புறத்தில் வைத்துவிட்டார். 1952இல் இறந்துபோனார். பிறகு கல்வெட்டறிஞர் குவார்துச்சி அம்மையார் அந்த வேலையாள் சொன்னதை நம்பிப் பெட்டியைக் கண்டெடுத்தார். எடுத்தபோது ஒரு படமோ அளவுக் குறிப்போ இருந்திருந்தால் இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது. பாதம் இல்லாததற்குச் சிலுவை வரை போகவேண்டாம். சிறு எலும்புகள்தான் முதலில் உதிரும், ஆளும் அவற்றை அள்ளமாட்டான்.

ஏட்டுச்சுவடி:
கல்வெட்டுப் பக்கம் ஒரு வார்த்தை. சிவப்புச் சுவரிலிருந்து பெயர்ந்த சாந்துத் துண்டில் இரண்டு வரி கிரேக்கம்: மேலே 'பெத்ர்', கீழே 'எனி'. துண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். குவார்துச்சி 'பேதுரு உள்ளே இருக்கிறார்' என்று படித்தார். ஆனால் இரண்டாம் வரியின் வலது ஓரத்தில் சாந்து உடைந்திருக்கிறது. 'எனி'க்குப் பிறகு எழுத்துகள் இருந்திருந்தால், 'என்' என்பதை 'இல்' என்றும், கடைசி 'இ'யை 'எய்ரேனே'யின் (சமாதானம்) தொடக்கமாகவும் கொண்டு 'பேதுரு, சமாதானத்தில்' என்றும் படிக்கலாம். அது கல்லறைகளில் சாதாரணமாக எழுதுகிற வாழ்த்து.

மறைக்கல்வி:
கரிமக் காலக்கணிப்பு செய்தால் தீர்ந்தது.

மண்ணடுக்கு:
பாதி தீரும். அரை கிராமிலிருந்து ஒரு கிராம் எலும்பு போதும். மேற்பரப்பைச் சுரண்டி, அமிலத்தில் கனிமத்தைக் கரைத்து, கொலாஜன் என்ற எலும்புப் புரதத்தை மட்டும் எடுப்பார்கள். அதில் கரிமம்-நைட்ரஜன் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனால், புரதம் கெட்டிருக்கிறது அல்லது வேறு பொருள் கலந்திருக்கிறது என்று மாதிரியைத் தள்ளிவிடுவார்கள். பழைய திருப்பண்டங்களில் பசை, மெழுகு ஏறியிருப்பதுதான் பெரிய தொல்லை. இன்னொரு சிக்கல், மீன் அதிகம் சாப்பிட்டவரின் எலும்பு உண்மையான வயதைவிடப் பழையதாகக் காட்டும். கலிலேயா மீனவரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

நல்ல விடை வந்தாலும் அது 'முதல் நூற்றாண்டு மனிதர்' என்பதோடு நின்றுவிடும். பவுலின் கல்பேழையில் சிறு துளை போட்டு எடுத்த துண்டுகளுக்கு 1ஆம், 2ஆம் நூற்றாண்டு என்று 2009இல் பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தார். காலம் பொருந்துகிறது, ஆளைச் சொல்லவில்லை. மாறாக ரோமிலுள்ள பன்னிரு திருத்தூதர் ஆலயத்தில், சின்ன யாக்கோபுவின் தொடையெலும்பு என்று வணங்கப்படுவது 214-340 என்று 2021இல் வந்தது. ஆளை நீக்குவதில்தான் இந்தச் சோதனை கெட்டி.

மறைக்கல்வி:
நீக்கப்படாத வரை பேதுருவுடையது என்று சொல்வதில் என்ன தப்பு?

மண்ணடுக்கு:
'இருக்கலாம்' என்று சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.