மாக்கியவெல்லியின் ‘தி பிரின்ஸ்’: பரிசுப் பதிப்பில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி:
ஓய்வு பெறும் அரசியல் அறிவியல் பேராசிரியருக்கு, மாக்கியவெல்லி இத்தாலிய மொழியில் எழுதிய ‘தி பிரின்ஸ்’ங்கிற அரசியல் நூலின் ஆங்கிலப் பதிப்பைப் பரிசாகக் கொடுக்கணும். தோல் அட்டை, தங்க விளிம்பு, ரிப்பன்னு நிறைய இருக்கு. விலைதான் ஒண்ணுக்கொண்ணு எட்டாத தூரம். உள்ளே இருப்பது எல்லாத்திலும் ஒண்ணுதானா?

பதில் 1:
இல்லை. அட்டைக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேடுங்கள். தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோ இருக்கும். மலிவான அலங்காரப் பதிப்புகளில் பெரும்பாலும் இருப்பது டபிள்யூ. கே. மேரியட்டின் 1908 மொழிபெயர்ப்பு. காப்புரிமை முடிந்துவிட்டதால் யாரும் அச்சிடலாம். மோசமில்லை, நடைதான் பழசு.

பேராசிரியருக்கு என்றால் ஹார்வி மேன்ஸ்ஃபீல்டின் மொழிபெயர்ப்பு (1985) பொருத்தம். ‘விர்த்து’ என்ற இத்தாலியச் சொல் திறமை, துணிவு, நற்பண்பு என இடத்துக்கு இடம் நிறம் மாறும். மற்றவர்கள் அதைப் பல சொற்களாகப் பிரித்துவிடுவார்கள். அவர் கூடியவரை ஒரே சொல்லால் பெயர்த்திருப்பதால் மாக்கியவெல்லி அதை எங்கெல்லாம் எப்படி ஆள்கிறார் என்று தொடர்ந்து பார்க்க முடியும். சரளமாக வாசிக்க டிம் பார்க்ஸ் (2009).

இன்னொன்று: மூலம் 26 சிறிய அத்தியாயங்கள்தான். புத்தகம் செங்கல் மாதிரி இருந்தால் பொருளடக்கத்தைப் பாருங்கள். காஸ்ட்ருச்சோ காஸ்ட்ரக்கானி என்ற படைத்தலைவரின் வரலாறு போன்ற மாக்கியவெல்லியின் மற்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால் நல்லதே. வெறும் பெரிய எழுத்தும் தடித்த தாளும் என்றால் காசு கனத்துக்குத்தான் போகிறது. அன்று புளோரன்ஸை ஆண்ட லொரென்சோ தெ மெதிச்சிக்கு மாக்கியவெல்லி எழுதிய சமர்ப்பணக் கடிதம் விடுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பதிப்பை வாங்காதீர்கள்.

பதில் 2:
பைண்டிங் பற்றிச் சொல்கிறேன். புத்தகத்தை மூடியபடி மேலிருந்து முதுகைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாக, அதாவது ஃபாரம் ஃபாரமாகத் தெரிந்தால் தையலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஃபாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால் மடிப்பில் நூல் தெரியணும். நூல் இல்லை, முதுகு ஒரே சமமான பசைப்பட்டை என்றால் தனித்தாள்களை ஒட்டியது. தடித்த தாளோடு அது சேர்ந்தால், அகல விரிக்கும்போது பசை வெடித்துப் பக்கங்கள் கையோடு வரும். முதுகின் தலையில் தெரியும் வண்ணப் பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போது அது பெரும்பாலும் வெறும் அலங்காரத்துக்காக ஒட்டுவது.

‘பாண்டட் லெதர்’ என்பது தோல் கழிவை அரைத்துப் பிசினோடு சேர்த்துத் தகடாக்கியது. அட்டையும் முதுகும் சேரும் மடிப்பில்தான் முதலில் செதில் செதிலாக உரியும். ஈரக்காற்றும் வெயிலும் அதை இன்னும் வேகப்படுத்தும். பட்ஜெட் குறைவென்றால் போலித் தோலைவிட நல்ல துணி அட்டை நெடுநாள் உழைக்கும்.

கேட்டவர்:
நன்றி. தையல் போட்ட, துணி அட்டைப் பிரதி ஒன்று கிடைத்துவிட்டது. தங்க விளிம்பில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. குறையா?

பதில் 2:
குறையில்லை. விளிம்பில் சூடாக அழுத்திய படலம் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. விரல்நகத்தால் கீறவோ ஒரேயடியாக விசிறவோ வேண்டாம்; படலம் பொடியாக உதிரும், தாளும் கிழியும். முதுகை மேசையில் வைத்து இரண்டு அட்டைகளையும் படுக்க விடுங்கள். முன்னாலிருந்து ஏழெட்டுத் தாள், பின்னாலிருந்து ஏழெட்டுத் தாள் என மாறி மாறி, முதுகை ஒட்டி விரலால் மெதுவாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். முதுகும் பழகிவிடும்.

வாழ்த்து எழுதுவதானால் ஜெல் பேனா வேண்டாம். வண்ணம் அச்சிட்ட உள்ளட்டைத் தாள் வழவழப்பாக இருக்கும், மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் படியும். அடுத்த வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள், இல்லையென்றால் தனி அட்டையில் எழுதி உள்ளே வையுங்கள். சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்; அதோடு அலமாரியில் கிடந்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கித் துணியில் பூஞ்சை பூக்கும்.