எஃப்.டி.யை உடைத்துச் சம்பளம் போடலாமா?

அடையாறு ஆலமரம்:
எங்கள் ஆய்வு அறக்கட்டளையில் மொத்தமே ஐந்து பேர். பழைய நன்கொடையாளர் ஒருவர் கார்பஸ், அதாவது அசலை வைத்துக்கொண்டு வட்டியைச் செலவழிக்கும் மூலநிதி, என்று சொல்லிக் கொடுத்த பணம் எஃப்.டி.யில் கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு எட்டரை, ஒன்பது சதவீத வட்டியில் வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிவிடுவோம். 2020இல் 5.4க்கு இறங்கியபோதே திணறினோம். இப்போது ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, அடுத்தது வரவில்லை. அறங்காவலர்கள் எஃப்.டி.யைத் தொடாதே என்கிறார்கள். ஆள் எல்லாம் போன பிறகு அது யாருக்கு?

கணக்குப்பிள்ளை:
அவர்கள் சொல்வதுதான் சரி சார். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடலாமா? சட்டமும் இருக்கிறது. அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டும் இல்லையா? 2021 திருத்தத்துக்குப் பின் கார்பஸிலிருந்து எடுத்துச் செலவழித்தது அதில் சேராது. ஐந்து வருடத்துக்குள் திருப்பி வைத்தால், வைத்த ஆண்டில் சேரும்.

தரமணி வாசகி:
அப்படியென்றால் எடுக்கத் தடை இல்லை, வரிக்கணக்கில்தான் சிக்கல். இரண்டையும் குழப்பாதீர்கள். விதைநெல் சரி, விதைக்க ஆள் வேண்டாமா? பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா 1971இல் அடையாறில் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் எம்.ஐ.டி.எஸ். என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

கணக்குப்பிள்ளை:
அதையும் முழுதாகச் சொல்லுங்கள். 1977இல் அது தேசிய அளவிலான நிறுவனமாகி, மத்திய அரசின் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவான ஐ.சி.எஸ்.எஸ்.ஆரும் மாநில அரசும் நிதி தந்தன. ஐந்து பேர் அறக்கட்டளைக்கு யார் வரப்போகிறார்கள்? கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தை வாங்குங்கள்.

தரமணி வாசகி:
சி.எஸ்.ஆர். செலவில் கம்பெனி தன் நிர்வாகச் செலவு என்று 5 சதவீதத்துக்கு மேல் காட்ட முடியாது. அந்தக் கணக்கை நம் தலையிலும் கட்டி, வாடகைக்குத் தர மாட்டோம் என்கிறார்கள். பள்ளிக்கு டாய்லெட் கட்டினால் திறப்பு விழா போட்டோ கிடைக்கும். பழைய ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுப்பதைப் போட்டோ எடுத்து என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
அது நியாயம்தான். ஆனால் இந்த வருடம் எடுத்தால் அடுத்த வருட வட்டியும் குறையும். அப்புறம் வாடகைக்கு என்ன செய்வார்?

அடையாறு ஆலமரம்:
ஆடிட்டரிடம் கேட்டேன். முதலில் நன்கொடையாளர் கடிதத்தைக் கொண்டு வா என்கிறார். கார்பஸ் என்று எழுத்தில் இருந்தால் ஒரு கணக்கு, வாய்வார்த்தை என்றால் வேறு கணக்காம். கடிதம் பீரோவில் இருக்கிறது. சாவி செயலாளரிடம். அவர் திருச்சிக்குப் போயிருக்கிறார்.